தொப்பை குறைக்க முழு வழிகாட்டி: வெயிட் மெஷினை விடுங்க, அரணாக்கயிறைப் பாருங்க

ரெண்டு வருஷம் முன்னாடி, பொங்கல் முடிஞ்ச வாரம், குளிக்கும்போது பார்க்கிறேன், இடுப்பைச் சுத்தி அரணாக்கயிறு பதிஞ்சு செவப்பா ஒரு கோடு. முடிச்சை அவுத்துத் தளர்த்திக் கட்டலாம்னு பார்த்தா அதுக்கு மேல தளர்த்தக் கயிறே இல்ல, ஏற்கனவே ரெண்டு தடவை தளர்த்தியாச்சு. அப்போ என் வெயிட் 76 கிலோ, உயரம் 168 செ.மீ. பார்க்கிறவங்க யாரும் குண்டுன்னு சொல்ல மாட்டாங்க, கை கால் எல்லாம் ஒல்லிதான், வயிறு மட்டும் சட்டையோட நாலாவது பட்டனை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். திருச்சில ஆடிட்டர் ஆபீஸ் வேலை, காலைல 10 மணிக்கு உக்கார்ந்தா ராத்திரி 8 வரைக்கும் சேர்தான்.

அந்தப் பொங்கல்ல ஆரம்பிச்சு தீபாவளிக்குள்ள இடுப்பு 97 செ.மீ.ல இருந்து 88க்கு வந்துச்சு, வெயிட் 68. சிக்ஸ் பேக் எல்லாம் கிடையாதுங்க, அதை இப்பவே சொல்லிடறேன். வயிறு உள்ள போயிருக்கு, தட்டினா கெட்டியா இருக்கு, குனிஞ்சு ஷூ லேஸ் கட்டும்போது மூச்சு முட்டல, அவ்வளவுதான். சிக்ஸ் பேக் தெரியணும்னா ஆம்பளைங்களுக்கு உடம்புக் கொழுப்பு பத்து பன்னெண்டு சதவீதத்துக்குப் பக்கத்துல வரணும், குடும்பம் வேலைன்னு இருக்கிறவனுக்கு அதைப் பிடிச்சு வச்சிருக்கிறது தனி உத்தியோகம் மாதிரி. இந்த வழிகாட்டி தட்டையான, உறுதியான வயிறு போதும்னு நினைக்கிறவங்களுக்கு.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவங்க சாப்பாட்டைக் குறைச்சா லோ சுகர் ஆகலாம், அதனால டாக்டர்கிட்ட மாத்திரை அளவைப் பேசிட்டு ஆரம்பிங்க. பிபி, ஹார்ட் பிரச்சனை, குடலிறக்கம், டிஸ்க் வலி இருக்கிறவங்களும் அப்படித்தான். கொஞ்ச நாள்லயே வயிறு திடீர்னு உப்பி, கால் வீக்கமும் இருந்தா அது தொப்பையே இல்ல, உடனே காட்டுங்க.

பிரசவம் ஆன பெண்களுக்குத் தனியா ஒண்ணு. மல்லாக்கப் படுத்து தலையை லேசாத் தூக்கும்போது தொப்புளுக்கு நேரா நடுவுல கூம்பு மாதிரி புடைச்சாலோ, அந்த நடுக்கோட்டுல ரெண்டு விரலுக்கு மேல உள்ள இறங்கினாலோ வயித்துத் தசை ரெண்டு பக்கமும் விலகியிருக்கலாம். அவங்க க்ரஞ்சஸ் (மல்லாக்கப் படுத்து தலையையும் தோளையும் தூக்கி இறக்கற வயித்து எக்சர்சைஸ்) பக்கம் போகாம பிசியோதெரபிஸ்ட் ஒருத்தரைப் பார்க்கணும். சிசேரியன்னா டாக்டர் ஓகே சொல்ற வரைக்கும் நடை மட்டும். பாட்டிங்க சேலைத் துணியால வயித்தை இறுக்கிக் கட்டி விடுவாங்க இல்ல, அது ஒரு சப்போர்ட் குடுக்கும், கொழுப்பைக் கரைக்காது.

ஸ்டெப் 1: அளவு எடுங்க, பேண்ட் சைஸை நம்பாதீங்க

"எனக்கு 34தான் சார்"னு சொல்றவங்க நிறைய பேர் பேண்டைத் தொப்பைக்குக் கீழ போடுறவங்க. நானும் அந்த கேஸ்தான், வயிறு வளர வளர பேண்ட் கீழ இறங்கிக்கிட்டே போச்சே தவிர சைஸ் மாறவே இல்ல.

தையல் டப்பால இருக்கிற டேப்பை எடுங்க. காலைல வெறும் வயித்துல, பாத்ரூம் போயிட்டு வந்து, சட்டை இல்லாம நில்லுங்க. கடைசி விலா எலும்பு எங்க முடியுதுன்னு விரலால தடவிப் பாருங்க, இடுப்பெலும்போட மேல் விளிம்பையும் தடவிப் பாருங்க, ரெண்டுக்கும் நடுவுல டேப்பைச் சுத்துங்க. வயித்தை எக்கக் கூடாது, சாதாரணமா மூச்சை விட்டுட்டு அந்த முடிவுல படிக்கணும். நம்ம ஊர் உடம்புக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ., அதைத் தாண்டினா வயித்துப் பருமன்னு கணக்கு. சென்னை மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் பவுண்டேஷன் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) கூட சேர்ந்து நாடு முழுக்க பண்ணின சர்வே 2023ல வந்துச்சு, அதுல வயித்துப் பருமன் இருக்கிறவங்க 39.5 சதவீதம். அதனால நமக்கு மட்டும்தான் இப்படின்னு வெக்கப்பட ஒண்ணுமில்ல.

வெயிட் மெஷினை ஏன் நம்பக் கூடாதுன்னு கேட்டா, எனக்குப் பிடிச்ச ஒரு கதை இருக்கு. புனே டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் கூட்டாளிங்க, ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ (உயரத்தையும் வெயிட்டையும் வச்சுப் போடுற கணக்கு) அச்சு அசலா 22.3. ஸ்கேன் பண்ணிப் பார்த்தா யுட்கினுக்கு உடம்புல கொழுப்பு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்ன போட்டோவோட 2004ல லான்செட் மருத்துவப் பத்திரிகைல போட்டாங்க. சட்டை போட்ட ரெண்டு ஒல்லி மனுஷங்க, உள்ள இருக்கிறது வேற வேற. நம்மள்ல பாதிப் பேர் கதை இதுதான், கை கால்ல சதை கம்மி, வயித்துக்குள்ள கொழுப்பு ஜாஸ்தி.

அரணாக்கயிறு கட்டுறவங்களுக்கு டேப் கூட வேண்டாம். மூச்சை விட்ட நிலைல தோலைத் தொட்டும் தொடாம இருக்கிற மாதிரி கட்டிக்கோங்க, அப்புறம் தளர்த்தவே கூடாது, பதியுதா இல்லையான்னு அது தினமும் சொல்லும். டேப் அளவு ஞாயித்துக்கிழமை மட்டும் எடுத்து காலண்டர் தாள் ஓரத்துல எழுதிடுங்க. தினம் தினம் அளந்தா நேத்து சாப்பிட்ட உப்புக்கும் ஊறுகாய்க்கும் ஒரு செ.மீ. ஏறி இறங்கி, மனசு உடைஞ்சு போயிடும்.

ஸ்டெப் 2: வயித்துக்கு எக்சர்சைஸ் பண்ணா வயிறு கரையாது

இதைப் புரிஞ்சுக்காம நான் மூணு மாசம் வீணாக்கினேன். ஏரியா ஜிம்ல மாஸ்டர் தினம் 100 க்ரஞ்சஸ் போடச் சொன்னார், போட்டேன், கழுத்து வலிதான் மிச்சம். அதுக்கும் முன்னாடி டிவில பார்த்து 2,499 ரூபாய்க்கு ஒரு பெல்ட் வாங்கினேன், கட்டினா வேர்த்துக் கொட்டும், அவுத்துட்டு ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சா போன வெயிட் திரும்ப வந்துடும். அது இப்போ பரண் மேல இருக்கு.

கொழுப்பு கரையறதுன்னா, உடம்புக்கு எனர்ஜி பத்தாதப்போ ஹார்மோன் சொல்லி, எல்லா இடத்துல இருந்தும் கொழுப்பு ரத்தத்துக்கு வந்து எரியும். எந்தத் தசை வேலை செய்யுதோ அதுக்கு மேல இருக்கிற கொழுப்பை மட்டும் எடுத்து எரிக்கிற குழாய் எதுவும் கிடையாது. டென்னிஸ் ஆடுறவங்களோட ரெண்டு கையையும் அளந்து பார்த்த ஆய்வு ஒண்ணு 1971லயே வந்திருக்கு. வருஷக்கணக்கா ஒரே கையால ஆடினவங்க, அந்தக் கைல தசை பெருசா இருந்துச்சு, தோலுக்குக் கீழ கொழுப்பு ரெண்டு கைலயும் ஒரே அளவுதான்.

வயித்துல கொழுப்பு ரெண்டு இடத்துல இருக்கு. விரலால பிடிச்சா மடிப்பா வர்றது தோலுக்கு அடியில இருக்கிறது. பிடிக்க வராம பானை மாதிரி கெட்டியா தள்ளிக்கிட்டு இருந்தா, அது குடலையும் ஈரலையும் சுத்தி உள்ள இருக்கிற கொழுப்பு, சுகருக்கும் ஹார்ட்டுக்கும் வில்லன் இதுதான். ஆனா நல்ல சேதி என்னன்னா, சாப்பாட்டையும் நடையையும் சரி பண்ணா இந்த உள் கொழுப்புதான் சீக்கிரம் இறங்கும். மடிப்புக் கொழுப்பு மெதுவாத்தான் போகும், பெண்களுக்கு இன்னும் மெதுவா, அதனால புருஷனுக்கு ரெண்டே மாசத்துல இறங்கிடுச்சே எனக்கு இறங்கலையேன்னு ஒப்பிட்டுப் பார்க்காதீங்க.

அப்போ வயித்து எக்சர்சைஸ் வேண்டாமான்னா, வேணும். உள்ள இருக்கிற தசை பெல்ட் மாதிரி இறுக்கமா இருந்தாத்தான் கொழுப்பு போன அப்புறம் வயிறு தொளதொளன்னு தொங்காது.

ஸ்டெப் 3: சமையல்கட்டு (முக்கால்வாசி வேலை இங்கதான்)

ஒரு கிலோ கொழுப்புன்னா சுமார் 7,700 கலோரி. தினம் 500 குறைச்சா வாரத்துக்கு அரைக் கிலோன்னு பேப்பர்ல கணக்கு வரும், நிஜத்துல எனக்கு மாசம் ஒரு கிலோ கூட முழுசா இறங்கல. சரி, அந்த 500ஐ எங்க இருந்து எடுக்கிறது? பட்டினி கிடக்க வேண்டாம், நான் எடுத்தது மூணே இடத்துல.

முதல்ல எண்ணெய். யார் எவ்வளவு எண்ணெய் சாப்பிடுறாங்கன்னு தட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது, மளிகை பில்லைப் பாருங்க. எங்க வீட்டுல நாலு பேர், மாசம் 5 லிட்டர். 5,000 மில்லியை நாலாலயும் முப்பதாலயும் வகுத்தா ஆளுக்கு தினம் 41 மில்லிக்கு மேல, அதாவது 38 கிராம், கிராமுக்கு 9 கலோரின்னா கிட்டத்தட்ட 345 கலோரி, வெறும் எண்ணெய்ல மட்டும், அதுவும் வெளில சாப்பிட்ட வடை பரோட்டா சேர்க்காம. வீட்டுல யார்கிட்டயும் "எண்ணெயைக் குறை"ன்னு சொல்லல, சொன்னா சண்டைதான் வரும். மாசம் 3 லிட்டர்தான் வாங்குறதுன்னு நானும் வீட்டம்மாவும் பேசி முடிவு பண்ணோம், ஜாடில இருந்து சாய்ச்சு ஊத்துறதுக்கு பதிலா கரண்டியால ஊத்த ஆரம்பிச்சாங்க, தாளிக்க ஒரு டீஸ்பூன் போதும்னு அப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுது. ஆளுக்கு தினம் 130, 140 கலோரி சத்தமில்லாம போச்சு, அம்மாவுக்கு மட்டும் முதல் வாரம் வத்தக்குழம்புல எண்ணெய் மிதக்கலைன்னு வருத்தம்.

ரெண்டாவது டீ. ஆபீஸ்ல ஒரு நாளைக்கு அஞ்சு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன் சக்கரைன்னா 50 கிராம், 200 கலோரி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்கவே 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு சொல்லுது. நான் அஞ்சை ரெண்டாக்கினேன், அப்புறம் "சக்கர கம்மி"ன்னு ஆரம்பிச்சு ஒரு மாசத்துல "வித்தவுட்"டுக்கு வந்தேன். முதல் தடவை கடைல வித்தவுட் சொன்னப்போ டீ மாஸ்டர் ஆத்துறதை நிறுத்திட்டு, "எப்ப சார் சுகர் வந்துச்சு?"ன்னு பாவமாப் பார்த்தார். டீ கூட வர்ற வடை, ரஸ்க், மிக்சரை இந்தக் கணக்குல சேர்க்கவே இல்ல, டீ குறைஞ்சா அதுவும் தானா குறையும்.

மூணாவது, மத்தியான சாப்பாடு, இதை நிதானமா சொல்றேன். நம்ம சாப்பாட்டுல குழம்புக்கு ஒரு தடவை சாதம், ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவைன்னு மூணு ரவுண்டு. பொரியல் ஒரு ஓரமா ஸ்பூன் அளவுக்கு. ஒரு நாள் தராசுல வச்சுப் பார்த்தேன், மூணு ரவுண்டும் சேர்ந்து 450 கிராம் சாதம், 100 கிராம் வெந்த சாதம் 130 கலோரின்னா மொத்தம் 585. இதுல சாதத்தை விடவே இல்ல நான், ரவுண்டைத்தான் விட்டேன். முதல்ல ஒரு கப் பொரியல் இல்லைனா கூட்டு சாப்பிட்டுடணும். அப்புறம் குழம்புக்கு ஒரு ரவுண்டு சாதம், ஒரு கப், சுமார் 180 கிராம், கூட பருப்போ முட்டையோ மீனோ. ரசத்தை டம்ளர்ல ஊத்திக் குடிக்கணும். மோரையும் டம்ளர்ல. வாயில அதே ருசி, அதே வரிசை, வயிறும் நிறையுது, சாதம் மட்டும் பாதிக்கும் கீழ. இந்த ஒரு மாத்தத்துலயே ரெண்டு மாசத்துல அரணாக்கயிறு லூஸ் ஆச்சு எனக்கு.

இப்படிக் குறைக்கும்போது புரோட்டீன் ஏறலைனா கொழுப்போட சேர்ந்து தசையும் போயிடும், ஆள் இளைச்சிருப்பான், தொப்பை மட்டும் குட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கும். ஐசிஎம்ஆர் கணக்குப்படி கிலோவுக்கு 0.83 கிராம், வெயிட் குறைக்கிறவங்க கொஞ்சம் கூட, 1.2 கிட்ட வச்சுக்கலாம், கிட்னி பிரச்சனை இருந்தா மட்டும் டாக்டர் சொல்ற அளவு. நான் ஒரு நாள் எழுதிப் பார்த்தப்போ 45 கிராம் கூட தேறல, ஏன்னா மூணு இட்லில 5, 6 கிராம்தான் இருக்கும். சேர்த்துக்கிட்டது என்னன்னா காலைல ரெண்டு முட்டை (12 கிராம்), சாயங்காலம் டீக்கடைக்குப் பதிலா ஒரு கிண்ணம் சுண்டல், வாரம் மூணு நாள் மத்தி, நெத்திலின்னு எது விலை கம்மியோ அந்த மீன். சைவக்காரங்களுக்கு மீல்மேக்கர் பெரிய உதவி, காஞ்ச உருண்டை 50 கிராம்ல 25 கிராம் புரோட்டீன் இருக்கு, அதை எண்ணெய்ல முக்கி எடுத்து சிக்கன் 65 மாதிரி ஆக்கிடாதீங்க.

சில நம்பிக்கைகளை வேகமாத் தாண்டிடுவோம். ராத்திரி சாதத்துக்குப் பதில் சப்பாத்தி: எண்ணெய் தேய்ச்ச நாலு சப்பாத்தியும் குருமாவும் சாதத்தை விடக் கம்மி இல்ல. சிறுதானியம்: நார்ச்சத்து ஜாஸ்தி, நல்லது, ஆனா கலோரி அரிசிக்குப் பக்கத்துலதான், வரகுப் பொங்கல்ல நெய் ஊத்தினா அதுவும் பொங்கல்தான். தேன் எலுமிச்சை வெந்நீர்: எதையும் கரைக்காது, ஒரு பெரிய ஸ்பூன் தேன் 60 கலோரி. கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சொல்றது ஓரளவு சரி, கொள்ளுல புரோட்டீனும் நாரும் இருக்கிறதால பசி தாங்கும், அதுக்குன்னு மூணு வேளை சாதத்தோட கூடுதலா கொள்ளு ரசம் குடிச்சா ஒண்ணும் நடக்காது. சனிக்கிழமை தண்ணியடிக்கிறவங்களுக்கு, சரக்குல இருக்கிற ஆல்கஹாலுக்கு கிராமுக்கு 7 கலோரி, சைட் டிஷ் தனி பில். ஞாயித்துக்கிழமை பிரியாணியை நான் விடல, ஒரு பிளேட், ரெண்டாவது தடவை வாங்கிறது கிடையாது, அன்னிக்கு ராத்திரி மோரும் பழமும்.

ஸ்டெப் 4: நடை, தோப்புக்கரணம், தண்டால், அப்புறம்தான் பிளாங்க்

வாரத்துக்கு 150 நிமிஷமாவது நடை, ரெண்டு நாளாவது தசைக்கு வேலை, இது உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன அளவு. நடைன்னா ஃபோன் பார்த்துக்கிட்டுப் போறது இல்ல, பேச முடியணும் ஆனா பாட முடியக் கூடாது, அந்த வேகம். நான் ஸ்ரீரங்கத்துல சித்திரை வீதியைச் சுத்துறேன், காலைல அஞ்சே முக்காலுக்கு கோலம் போடுறவங்களும் பால்காரரும்தான் இருப்பாங்க, வண்டித் தொல்லை இல்ல. முட்டி நல்லா இருந்தா மாசத்துல ஒரு ஞாயிறு மலைக்கோட்டை ஏறுங்க, 400 படிக்கு மேல, எந்த மெஷினும் வேண்டாம். ராத்திரி சாப்பிட்ட உடனே சோபால சாயாம பத்து நிமிஷம் மொட்டை மாடில நடந்தா சுகர் ஏறுறதும் மட்டுப்படும்.

தசைக்கு வாரம் மூணு நாள், திங்கள் புதன் வெள்ளி, 25 நிமிஷம். பெரிய தசைங்க வேலை செஞ்சாத்தான் எனர்ஜி செலவாகும், அதனால கால்ல இருந்து ஆரம்பிக்கணும். பிள்ளையார் முன்னாடி போட்ட தோப்புக்கரணமேதான், காதைப் பிடிச்சுக்கிட்டு, குதிகால் தரையை விட்டு எழும்பாம, பின்னாடி நாற்காலி இருக்கிற மாதிரி உக்கார்ந்து எழணும். முதல் வாரம் நிஜமாவே நாற்காலியைப் போட்டுக்கோங்க. 10 தடவை போட்டா ஒரு செட், எத்தனை செட்னு கடைசில சொல்றேன்.

தண்டால் தரையில வரலைனா வருத்தப்படாதீங்க, எனக்கும் வரல. சுவத்துல கை வச்சு ரெண்டு வாரம், சமையல் மேடைல ரெண்டு வாரம், கட்டில் விளிம்புல ஒரு மாசம், அப்புறம் தரை. முதுகுக்கு, அஞ்சு லிட்டர் எண்ணெய் கேன்ல தண்ணி ஊத்தி, ஒரு கையைக் கட்டில்ல ஊனி, இன்னொரு கையால கேனை இடுப்பு வரைக்கும் இழுக்கணும். தோட்டத்துல வாளில தண்ணி இறைக்கிற மாதிரி, முழங்கை பின்னாடி போகணும். அப்புறம் மல்லாக்கப் படுத்து முட்டி மடக்கி இடுப்பைத் தூக்கி இறக்கறது, 12 தடவை.

இப்ப வயிறு. கனடாவுல முதுகெலும்பு பத்தி ரொம்ப வருஷம் ஆராய்ச்சி பண்ணின ஸ்டூவர்ட் மெக்கில் சொல்றது, ரொம்ப நேரம் பிடிச்சு நடுங்குறதை விட சின்னச் சின்னதா நிறைய தடவை பிடிக்கணும்னு. நான் அதைத்தான் பண்றேன்.

பிளாங்க்: கோரைப்பாய் விரிச்சுக்கோங்க, வெறும் டைல்ஸ்ல வேர்வை பட்டா கை வழுக்கும், நான் ஒரு தடவை தாவாங்கட்டையை இடிச்சுக்கிட்டேன். முழங்கை ரெண்டும் தோளுக்கு நேர் கீழ, கால் விரல் ஊனி உடம்பைத் தூக்குங்க. இப்பதான் எல்லாரும் தப்பு பண்ற இடம், இடுப்பு தொட்டில் மாதிரி தொங்கும், இல்லைனா பின்பக்கம் கூரை மாதிரி மேல போயிடும். பின்பக்கத் தசையை இறுக்குங்க, யாரோ வயித்துல குத்த வர்ற மாதிரி வயித்தை இறுக்குங்க, மூச்சை மட்டும் பிடிச்சு வைக்காதீங்க. 10 செகண்ட், இறங்கி ரெண்டு மூச்சு, மறுபடி 10 செகண்ட், இப்படி ஆறு தடவை. கீழ் முதுகு வலிச்சா இடுப்பு தொங்குதுன்னு அர்த்தம், நிறுத்துங்க, முட்டியைத் தரையில வச்சுப் பண்ணுங்க. ஒரு செல்ஃபி வீடியோ பக்கவாட்டுல எடுத்துப் பாருங்க, நான் நேரா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், வீடியோல ஒட்டகம்.

அடுத்தது சைடு பிளாங்க், ரெண்டு பக்கமும், முட்டி மடக்கி ஆரம்பிக்கலாம். அப்புறம் நாலு காலா நின்னு வலது கை முன்னாடி, இடது கால் பின்னாடி நீட்டி 10 செகண்ட், முதுகு மேல ஒரு சொம்பு தண்ணி வச்சா சிந்தக் கூடாது. கடைசியா மல்லாக்கப் படுத்து கை ரெண்டும் மேல, முட்டி 90 டிகிரில தூக்கி, எதிர் எதிர் கையையும் காலையும் மெதுவா இறக்கி ஏத்தறது, கரப்பான் மல்லாந்து கிடக்குமே அந்த மாதிரி. இதுல கீழ் முதுகுக்கும் பாய்க்கும் நடுவுல விரல் நுழையக் கூடாது, நுழைஞ்சா வயிறு வேலை செய்யல, காலைக் கொஞ்சம்தான் இறக்கணும்.

முதல் ரெண்டு வாரம் எல்லாமே ஒரு செட் போதும், உடம்பு வலிக்கத்தான் செய்யும், மூட்டுக்குள்ள சுருக்குன்னு வலிச்சா மட்டும் அதை விட்டுடுங்க. மூணாவது வாரத்துல இருந்து ரெண்டு செட், ஏழாவது வாரத்துல இருந்து மூணு செட், கேன்ல தண்ணியையும் கூட்டிக்கோங்க. ஆபீஸ்ல மணிக்கு ஒரு தடவை எழுந்து தண்ணி பிடிக்கப் போங்க, சின்ன பாட்டில் வச்சுக்கிட்டா அடிக்கடி போகணும், அதுதான் விஷயம்.

ஸ்டெப் 5: தூக்கம்

இதை நான் ரொம்ப லேசா எடுத்துக்கிட்டேன். 2010ல வந்த ஒரு ஆய்வு, பத்தே பேர்தான், ஒரே அளவு டயட்டு, ஒரு கட்டத்துல 14 நாள் எட்டரை மணி நேரப் படுக்கை, இன்னொரு கட்டத்துல அஞ்சரை மணி நேரம். குறைஞ்ச வெயிட் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா தூக்கம் குறைஞ்ச கட்டத்துல கொழுப்பா குறைஞ்சது 55 சதவீதம் கம்மி, மிச்சம் தசை போயிருக்கு. நடைக்கு அஞ்சரைக்கு எழணும்னா பத்து மணிக்கு ஃபோனை ஹால்ல வச்சுட்டு வரணும், அவ்வளவுதான் டிப்ஸ்.

ஸ்டெப் 6: விடாம இருக்கிறது

டயட்டை விடக் கஷ்டம் சொந்தக்காரங்க. மூணு நாலு கிலோ குறைஞ்ச உடனே கல்யாண வீட்டுல முதல் கேள்வி, "என்னப்பா இப்படி இளைச்சுட்ட, சுகரா?" அத்தை ஒருத்தங்க வீட்டம்மாவைத் தனியா கூப்பிட்டு, "வீட்டுல ஏதும் பிரச்சனையா"ன்னு கேட்டுட்டாங்க. மூஞ்சி கொஞ்சம் ஒட்டிப் போறது நிஜம், கொழுப்பு எல்லா இடத்துலயும்தான் போகும், மூணு நாலு மாசத்துல தசை வந்து சரியாயிடும். "டயட்ல இருக்கேன்"னு மட்டும் சொல்லிடாதீங்க, சொன்னா பந்தில இலைல ரெண்டு ஜாங்கிரி கூட விழும். "டாக்டர் சொல்லியிருக்கார்"னு சொல்லுங்க, யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க.

கூட ஒரு ஆள் வேணும். எனக்கு ஸ்கூல் ஃபிரண்ட் ஒருத்தன், காலைல அஞ்சரைக்கு ஒரு மிஸ்டு கால் வந்தா வாசல்ல நிக்கிறான்னு அர்த்தம், ரெண்டு மிஸ்டு கால்னா வரல. மழை நாள்ல எத்தனையோ தடவை அந்த ரெண்டாவது மிஸ்டு காலுக்காக ஃபோனைப் பார்த்துக்கிட்டே படுத்திருக்கேன், பாவி அடிக்கவே மாட்டான். ஒரே கண்டிஷன், நடை முடிஞ்சு பஜ்ஜிக் கடைக்குக் கூட்டிட்டுப் போற ஆளா இருக்கக் கூடாது.

அளவு நடுவுல நின்னு போகும், பயப்படாதீங்க. சித்திரைல ஆரம்பிச்சு அஞ்சு வாரம் எனக்கு 92லயே நின்னுச்சு. உடம்பு சின்னதாக ஆக அதுக்குத் தேவையான கலோரியும் குறையும், அது ஒரு காரணம். இன்னொண்ணு, நல்லதுன்னு நினைச்சு தினம் ரெண்டு கைப்பிடி நிலக்கடலை கொறிச்சுக்கிட்டு இருந்தேன், கடலைல பாதி எண்ணெய்தானே. ஒரு கைப்பிடியாக்கி, நடையைப் பத்து நிமிஷம் கூட்டினதும் திரும்ப இறங்குச்சு.

ஜூலைல ரிட்டர்ன் ஃபைலிங் சீசன். அஞ்சு வாரம் நடை இல்ல, ராத்திரி ஆபீஸ்லயே பரோட்டா பார்சல், இடுப்பு 3 செ.மீ. திரும்ப ஏறிடுச்சு, அவ்வளவுதான் போச்சுன்னு நினைச்சேன். வீட்டம்மாதான் காலண்டர் தாளை எடுத்துக் காட்டினாங்க, ஏறினாலும் ஆரம்பிச்ச எடத்தை விடக் கீழதான் இருக்குன்னு. ஆகஸ்ட்ல மறுபடி முதல் வாரத்து அளவுல ஆரம்பிச்சேன், விட்ட எடத்துல இருந்து பிடிக்கப் போனா உடம்பு ஒத்துக்காது. அதுக்கப்புறம் வீட்டுல ஒரு சட்டம், ஒரு நாள் விடலாம், தொடர்ந்து ரெண்டு நாள் விடக் கூடாது, சீசன்லயும் அஞ்சு நிமிஷத் தோப்புக்கரணமாவது போட்டாகணும்.

இப்பவும் 88க்கும் 89க்கும் நடுவுலதான் இருக்கேன். புது அரணாக்கயிறு 88ல கட்டினது, முடிச்சுக்கு மேல மிச்சக் கயிறை வேணும்னே ஒட்ட வெட்டிட்டேன், தளர்த்த வழியே இல்ல. தொடர்ந்து ரெண்டு ஞாயித்துக்கிழமை செவப்புக் கோடு தெரிஞ்சா மறுநாள்ல இருந்து ரசம் டம்ளருக்குப் போயிடும், கோடு மறையற வரைக்கும்.